கேமராவை வைத்துக் கொஞ்சம் கூடுதல் வருமானம்: புதியவர் எங்கிருந்து தொடங்குவது?

வ்யூஃபைண்டர்:

வணக்கம் நண்பர்களே. வேறு வேலையில் இருக்கிறேன், படமெடுப்பது வார இறுதிகளில் மட்டும். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், பிறகு வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8. மேனுவல் மோடில் தடுமாறாமல் எடுப்பேன், ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) டார்க்டேபிள் மென்பொருளில் ஓரளவு சரிசெய்யத் தெரியும். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கும் எண்ணமெல்லாம் இல்லை, அடுத்த லென்ஸுக்கான காசைக் கேமராவே சம்பாதித்துத் தந்தால் போதும்.

எங்கே தேடினாலும் ஸ்டாக் தளத்தில் (பலருடைய படங்களை உரிமம் கொடுத்து விற்கும் இணையதளம்) படத்தை ஏற்று, தூங்கும்போதும் பணம் வரும் என்றுதான் சொல்கிறார்கள். அந்தி வானம், பூ, பறவை என்று கொஞ்சம் ஏற்றினேன். பாதியை நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகள்) அதிகம், ஃபோகஸ் சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள், மீதி அப்படியே கிடக்கிறது. உண்மையிலேயே அதில் ஏதாவது தேறுமா? இல்லையென்றால் வேறு என்ன வழி? இன்னொன்று, தெரிந்தவர் ஒருவர் தன் தங்கை கல்யாணத்துக்கு என்னையே எடுத்துக்கொடுக்கச் சொல்கிறார், பார்த்து ஏதாவது தருகிறேன் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? இதுவரை யாரிடமும் காசு வாங்கிப் படமெடுத்ததில்லை, அதனால் தயக்கமாக இருக்கிறது.

அரைநிழல்:

ஸ்டாக் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், பல வருடமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தேறும், ஆனால் மெதுவாகத் தேறும், அதுவும் அந்தி வானத்தில் தேறாது.

முதலில் கணக்கு. அடோபி ஸ்டாக்கில் படம் விற்றால் நமக்கு 33 சதவீதம். ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனிலிருந்து படிநிலை முறை, 15 சதவீதத்தில் தொடங்கி 40 வரை போகும், எவ்வளவு விற்கிறதோ அதைப் பொறுத்து ஏறும், ஜனவரி 1 வந்தால் எல்லோரும் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏற வேண்டும். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் சந்தா கட்டி எடுப்பவர்கள், ஆகவே ஒரு டவுன்லோடுக்கு நம் கைக்கு வருவது சில்லறைதான். அந்தச் சில்லறை சேர வேண்டுமென்றால் ஒரே படம் திரும்பத் திரும்பப் போக வேண்டும். லட்சக்கணக்கான அந்தி வானங்களுக்கு நடுவே உங்களுடையதை ஏன் ஒருவர் எடுக்கப்போகிறார்?

படம் வாங்குபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒழுகும் குழாயைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர், முதுகுவலிக்குத் துண்டறிக்கை அடிக்கிறவர், கடனைப் பற்றி விளக்கப் பக்கம் தயாரிக்கிறவர். இவர்களுக்கு வேண்டியது அழகு இல்லை, விஷயம் தெரிய வேண்டும், எழுத்துப் போட ஒரு பக்கம் காலியிடம் வேண்டும். குழாயின் நட்டை ஸ்பேனரால் இறுக்கும் கை, பின்னால் மங்கலாகத் தொட்டி, இடதுபக்கம் பாதிப் படம் வெறும் சுவர். இப்படி ஒன்றை உங்கள் 50 எம்எம் லென்ஸில் வீட்டிலேயே எடுத்துவிடலாம். ஸ்பேனரில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் மட்டும் அழித்துவிடுங்கள், லோகோ தெரிந்தால் வணிக உரிமத்துக்கு எடுக்க மாட்டார்கள். முகம் அடையாளம் தெரிகிற மாதிரி ஒருவர் இருந்தால் அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ், அதாவது ஒப்புதல் படிவம், வேண்டும், அது உங்கள் சொந்த அண்ணனாக இருந்தாலும் சரி.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் அடோபி ஸ்டாக் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்களையும் ஏற்கத் தொடங்கியது. வெள்ளைப் பின்னணியில் ஒரு ஆப்பிள் மாதிரியான பொதுப் படங்களுக்கு இனி நம் கேமரா தேவையில்லை. நமக்கு மிச்சமிருப்பது உண்மையில் இருக்கிற இடம், உண்மையில் நடந்த சம்பவம். அதற்குத்தான் எடிட்டோரியல் உரிமம். செய்தி, கட்டுரைப் பயன்பாட்டுக்கு என்பதால் பொது இடத்தில் எடுத்த படத்துக்குப் பெரும்பாலும் ரிலீஸ் கேட்க மாட்டார்கள், ஆனால் எந்த இடம், எந்தத் தேதி என்று குறிப்பு சரியாக இருக்க வேண்டும், படத்தில் எதையும் அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்காமல் ஏற்றுவது. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) குறைவாக வைத்து, ட்ரைபாட் போட்டு எடுங்கள், நிழலை எடிட்டிங்கில் அளவுக்கு மீறி வெளிச்சமாக்காதீர்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெள்ளைத்தாள்:

அரைநிழல் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அடுத்த லென்ஸுக்குக் காசு வேண்டும் என்பவருக்கு ஸ்டாக்கைக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அது வருடக்கணக்கில் காய்க்கிற மரம். சீக்கிரம் காசு பார்க்க வேண்டுமென்றால் பொருட்களைப் படமெடுங்கள். வீட்டிலிருந்தே சின்னதாகச் செய்து ஆன்லைனில் விற்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மொபைலில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த மஞ்சள் படத்தைப் போட்டுவிட்டு ஏன் விற்கவில்லை என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நீங்கள் தேவை.

இதற்கு ஸ்டுடியோ வேண்டாம். நேர்வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். ஜன்னலை ஒட்டி மேசை, மேசையின் பின்பக்கம் சுவரிலிருந்து வளைந்து இறங்குகிற மாதிரி ஒரு பெரிய வெள்ளைச் சார்ட் பேப்பர், மடிப்பு விழக்கூடாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டை ஒன்றை நிறுத்தினால் இருண்ட பக்கத்துக்கு வெளிச்சம் திரும்பி வரும், அட்டையை அருகே தள்ளியும் விலக்கியும் பார்த்தாலே நிழல் எப்படி மாறுகிறது என்பது புரிந்துவிடும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், பல்பு ஒரு நிறம், இரண்டும் கலந்தால் எடிட்டிங்கில் உயிர் போய்விடும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11, 2 விநாடி டைமர். உங்கள் கிட் லென்ஸ் 55-ல் இதற்குத் தாராளமாகப் போதும், புது லென்ஸே வேண்டாம். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) அந்த வெள்ளைத் தாளை வைத்தே செட் செய்யுங்கள். நிறம் ஏன் முக்கியம் என்றால், படத்தில் ஒரு நிறமும் பார்சலில் வேறு நிறமும் வந்தால் வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார், நஷ்டம் உங்களை நம்பியவருக்கு.

கண்ணாடிப் பாட்டில் வந்தால் வெள்ளைப் பின்னணியில் அதன் ஓரம் கரைந்துபோகும். பாட்டிலின் இரண்டு பக்கமும் ஃப்ரேமுக்கு வெளியே கறுப்பு அட்டை வையுங்கள், ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்து வடிவம் எடுத்துக்காட்டும். பெரிய தளங்களுக்கென்று விதிகள் உண்டு, படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அமேசானில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது ஆர்ஜிபி 255, 255, 255 ஆக இருக்க வேண்டும், பொருள் ஃப்ரேமில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும், பெரிதாக்கிப் பார்க்கிற வசதி வேலை செய்ய நீளப்பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும். இதை நீங்களாகவே சொன்னால் விற்பவருக்கு உங்கள்மேல் தனி நம்பிக்கை வரும்.

எப்படி ஆள் பிடிப்பது? எனக்குப் படமெடுக்கத் தெரியும் என்று பொதுவாகப் போஸ்ட் போட்டால் யாரும் வர மாட்டார்கள். ஒரு விற்பனையாளரின் பொருளைக் காசு கொடுத்து வாங்குங்கள், நன்றாக எடுங்கள், அவருக்கே அனுப்பி இதேபோல் மற்றவற்றையும் எடுத்துத் தரட்டுமா என்று கேளுங்கள். விலையை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள், படத்துக்கு இவ்வளவு, இரண்டு முறை திருத்தம் உண்டு, மூன்றாவதுக்குத் தனிக்காசு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடிட்டிங் நேரத்தையும் விலையில் சேர்த்தால்தான் கட்டுப்படியாகும்.

இரண்டாம்கேமரா:

கல்யாண விஷயத்துக்கு மட்டும் நேராகவே சொல்கிறேன் தம்பி, தனியாக ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் திறமை மேல் சந்தேகம் இல்லை. ஒரே கேமரா, அதில் ஒரே கார்டு, ஃப்ளாஷ் இல்லை, ஜூம் செய்தால் எஃப் 5.6 வரை போய்விடுகிற, அதாவது மண்டப வெளிச்சத்துக்குப் போதாத கிட் லென்ஸ். கார்டு செத்தாலோ ஷட்டர் நின்றாலோ அந்த நாள் திரும்ப வராது. அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்? கல்யாண வேலையை ஏற்றுச் செய்கிறவர்கள் இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள கேமராவும் மாற்றுக் கேமராவும் வைத்துக்கொள்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஆனால் அந்த ஆசையை விட வேண்டாம். தெரிந்தவரிடம், முதன்மைப் போட்டோகிராஃபரை வைத்துக்கொள்ளுங்கள், நான் கூடவே வந்து எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள். அப்படியே அந்தப் போட்டோகிராஃபரிடமும் முன்கூட்டியே பேசி இரண்டாவது ஆளாக வரட்டுமா என்று கேட்டுவிடுங்கள். பலருக்கு ஆள் தேவை. போனால் காலையிலேயே செய்ய வேண்டிய வேலை, இரண்டு கேமராவின் கடிகாரத்தையும் நொடி சுத்தமாக ஒன்றாக்குவது. இல்லாவிட்டால் இரண்டு பேர் படத்தையும் நேர வரிசையில் அடுக்கும்போது மாலை மாற்றுவதற்கு முன்பே கேக் வெட்டுவார்கள். முதன்மை ஆள் முகத்தை எடுத்தால் நீங்கள் கையை எடுங்கள், அவர் மேடையை எடுத்தால் நீங்கள் மேடையைப் பார்க்கிறவர்களை எடுங்கள். அவர் ஃப்ரேமுக்குள் நுழையாதீர்கள். இதைப் பழகிவிட்டால் அடுத்த தடவை அவரே கூப்பிடுவார்.

மூன்று விஷயத்தைப் பேசி எழுதி வாங்குங்கள்: சம்பளம் எப்போது, ஃபைல் யாரிடம் இருக்கும், நீங்கள் எடுத்த படத்தை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடலாமா. கடைசி ஒன்றில்தான் சண்டை வரும்.

தனியாகச் செய்ய ஆசையென்றால் ஒரு குடும்பத்தைக் காலையில் பூங்காவில் வைத்து ஒரு மணி நேரம் எடுத்துக் கொடுங்கள், அல்லது வேலை தேடுகிறவர்களுக்கு ப்ரொஃபைல் படம். சரியாக வராவிட்டால் இன்னொரு நாள் எடுக்கலாம். புதியவர் காசு வாங்க அதுதான் பாதுகாப்பான இடம்.

பழையஆல்பம்:

யாரும் சொல்லாத ஒன்று: பழைய ஃபோட்டோக்களை டிஜிட்டலாக்கிக் கொடுப்பது. எல்லா வீட்டு அலமாரியிலும் மங்கிக்கொண்டே போகிற ஆல்பம் இருக்கிறது, எல்லோரும் ஒரு நாள் செய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்யாமலே வைத்திருக்கிறார்கள். 6-க்கு 4 அங்குலப் பிரிண்டும் உங்கள் கேமராவின் 6000-க்கு 4000 பிக்சலும் ஒரே விகிதம், ஃப்ரேமை நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 1000 பிக்சல், வீட்டு ஸ்கேனரில் பலரும் வைக்கிற 600-ஐவிட அதிகம், வேகமும் அதிகம். உங்கள் கிட் லென்ஸை 55-ல் வைத்தாலே அவ்வளவு கிட்டே ஃபோகஸ் ஆகும்.

கேமராவைச் செங்குத்தாகக் கீழே பார்க்கவைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு வைத்தால் பளபளப்புப் பிரிண்டிலும் ஒளி தெறிக்காது. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், பக்கத்தோடு சேர்த்தே எடுங்கள். பெரும்பாலும் யாரிடமும் வேறு பிரதி இருக்காது, கிழிந்தால் கிழிந்ததுதான்.

வ்யூஃபைண்டர்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. கல்யாணத்துக்குத் தனியாக வர முடியாது, இரண்டாவது ஆளாக வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவரும் புரிந்துகொண்டார். கையால் சோப்பு செய்து விற்கும் ஒருவரைத் தெரியும், அவரிடமிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். அட்வான்ஸ் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? பரிசுத்தொகை போட்டிகளில் கலந்துகொள்வதும் வருமானத்துக்கு ஒரு வழியா?

அரைநிழல்:

போட்டியை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். கலந்துகொள்வதாக இருந்தால் விதிமுறையில் உரிமை பற்றிய பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். ஜெயித்த படத்தைப் போட்டி அறிவிப்புக்குப் பயன்படுத்துவோம் என்றால் நியாயம். அனுப்புகிற எல்லாப் படத்தையும் எந்தக் காரியத்துக்கும் காலவரையின்றி இலவசமாகப் பயன்படுத்துவோம் என்றால் அது போட்டி இல்லை, ஓசியில் படம் சேர்க்கிற வேலை.

இரண்டாம்கேமரா:

அட்வான்ஸ் கேட்பதில் தப்பே இல்லை, தேதியை அவருக்காக ஒதுக்குகிறீர்கள். பாதி முன்பணம், மீதி ஃபைல் கொடுக்கும்போது. பார்ப்பதற்கு முதலில் சின்ன அளவில் வாட்டர்மார்க் போட்டு அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: முன்பின் தெரியாதவர் பேசிய தொகையைவிட அதிகமாகச் செக் அனுப்பிவிட்டு, மிச்சத்தை மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கேட்டால் ஓடிவிடுங்கள். நாம் அனுப்பியது போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் செக் திரும்பி வரும். போட்டோகிராஃபர்களைக் குறிவைத்து நெடுநாளாக நடக்கும் மோசடி இது.

ஃபைலைக் கொடுத்த பிறகும் உடனே அழித்துவிடாதீர்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில்.

வெள்ளைத்தாள்:

சோப்பு நல்ல தொடக்கம். உறை பளபளப்பாக இருந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி அல்லது ட்ரேசிங் பேப்பர் கட்டுங்கள், தெறிப்பு மென்மையாகிவிடும். அப்புறமும் லேபிள்மேல் வெள்ளைத் திட்டு விழுந்தால் கேமராவை அசைக்காமல் சோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் எழுத்து தெளிவாகிவிடும். உறை பிரித்த சோப்பு ஒன்றையும் கூடவே எடுங்கள், வெட்டிய பக்கம் ஜன்னலைப் பார்த்து இல்லாமல் பக்கவாட்டில் வெளிச்சம் வாங்குகிற மாதிரி வையுங்கள், மேற்பரப்பின் சொரசொரப்பு அப்போதுதான் தெரியும். எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.