கரன்ட் லூப்புக்குத் தமிழ்ல என்ன போடலாம்? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

கடலூர், பாலிடெக்னிக் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். டேட்டா லாகரோட (அளவுகளைத் தானா பதிஞ்சு வைக்கற கருவி) அனலாக் அவுட்புட் பத்தி பசங்களுக்கு நாலு பக்கத்துல செய்முறைத்தாள் எழுதிட்டு இருக்கேன், திங்கக்கிழமை காலைல பிரின்ட்டுக்குப் போகணும். லாகருக்கு தரவுப்பதிவின்னு வச்சாச்சு, அதைத் திரும்பக் கிளற வேணாம். முட்டுறது ரெண்டு எடத்துல. கரன்ட் லூப்பை, அதாவது அளவைக் கரன்ட்டா மாத்தி கம்பில அனுப்பற இணைப்பை, மின்சுற்றுன்னு சொல்ல முடியாது, அது சர்க்யூட்டுக்குப் போயிடுச்சு. வளையம்னா காந்தப்புலம் பாடத்துல வர்ற கம்பி வளையம்தான் பசங்களுக்கு ஞாபகம் வரும். அடுத்தது லைவ் ஜீரோ. 4–20 மில்லி ஆம்பியர்ல அளவு சுழியா இருந்தாலும் 4 ஓடிட்டே இருக்கும், கம்பி அறுந்தாதான் 0. போன தடவை "உயிருள்ள சுழி"ன்னு போர்டுல எழுதினேன், ஒரு பையன் லைவ் வயர் மாதிரி ஷாக் அடிக்கும்னு நெனச்சு டெர்மினலைத் தொடவே இல்ல. வெறும் 24 வோல்ட் டிசி. அவன் பயந்தது என் சொல்லாலதான், அதனாலதான் இவ்ளோ தூரம் கேக்கறேன்.

லாஸ்பேட்டை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
அம்மா, மின்னோட்டக் கண்ணி. தயங்காம போடுங்க. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்துல தலைல சூடற கொன்றை கண்ணி, மார்புல போடறது தார். தாயுமானவரோட பராபரக்கண்ணி ரெண்டு ரெண்டு அடியா கோத்தது. கண்ணுன்னா கணுவும்தான், கரும்புல கண் இருக்கு, மூங்கில்ல கண் இருக்கு, ஒண்ணும் இன்னொண்ணும் சேர்ற எடம் அது, அங்கேர்ந்துதான் கண்ணி வந்துச்சுங்கறது என் துணிபு. வளையத்துல வளைவு மட்டும்தான் இருக்கு, கோப்பு இல்ல.

நெய்வேலி, இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்:
ஐயா மன்னிக்கணும், ஷாப்ல லூப்பு செக் பண்ணுன்னுதான் சொல்வோம். பையன் நாளைக்கு வேலைக்கு வந்து கண்ணி செக் பண்ணட்டுமான்னு கேட்டா யாருக்கும் புரியாது. டீச்சர், சொல்லு எதுவானாலும் விஷயத்தை விட்றாதீங்க. மல்டிமீட்டரை சீரிஸ்ல போடணும், ஆம்பியர் சாக்கெட்ல ஒயரை வச்சுகிட்டே வோல்டேஜ் பாக்கப் போனா ஃப்யூஸ் போயிடும். லாகரும் சப்ளை குடுத்து, எதிர்ப்பக்கம் அந்தக் கரன்ட்டை வாங்கற பிஎல்சி (மெஷினை ஓட்டற கன்ட்ரோலர்) கார்டும் சப்ளை குடுத்தா வேலைக்கு ஆகாது, யாராவது ஒருத்தர்தான் குடுக்கணும். 14, 15 மில்லி ஆம்பியர் வரைக்கும் சரியா வந்துட்டு அதுக்கு மேல ஏறலைன்னா லூப்பு ரெசிஸ்டன்ஸ் அதிகமான்னு பாக்கணும், 250 ஓம் ஒண்ணே 20 மில்லி ஆம்பியர்ல 5 வோல்ட் சாப்பிட்ரும். லாகர்ல தண்ணி மட்டம் 0–10 மீட்டர்னு வச்சு எதிர்ப்பக்கம் 0–20ன்னு வச்சிருந்தா, 5 மீட்டர் தண்ணிக்கு கரன்ட் சரியா 12 வரும், ஆனா ஸ்கிரீன்ல 10 காட்டும். பசங்க ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாப்பாங்க, தப்பு ஸ்கேல்ல இருக்கும்.

முத்தியால்பேட்டை:
பிரெஞ்சுல இதை பூக்ல் து கூரான்னு சொல்றாங்க. பூக்ல்னா சுருட்டை முடியும்தான், காதுல போடற கம்மலுக்கும் அதே சொல் வரும். நம்மகிட்ட காதணிக்கு குழைன்னு அருமையான சொல் இருக்கே, மின்குழைன்னு சின்னதா வச்சா என்ன?

நெய்வேலி:
குழைன்னா குழைஞ்ச சோறுதான் ஞாபகம் வருதுங்க.

லாஸ்பேட்டை:
தோடுடைய செவியன், குழைக்காதன்னு படிச்ச நமக்கு இனிக்கும், பசங்களுக்கு எட்டாது. ஆனா லூப்புன்னே எழுதறதுக்கு நாம எதுக்கு?

தேவனாம்பட்டினம்:
நான் இலக்கணம் படிச்சவன் இல்லீங்க, இன்வெர்ட்டர் சர்வீஸ் பண்றேன், வீட்டுல வலைத் தொழில். எங்களுக்கு கண்ணின்னா வலைக்கண்ணி. நூல் முழுசா சுத்தி வந்து முடிச்சு விழுந்தாதான் அது கண்ணி, அறுந்தா மீன் அந்த வழியாப் போயிடும். கரன்ட் லூப்பும் அதேதானே, எங்கயாவது அறுந்தா ஒண்ணுமே வராது. எங்க பக்கத்துப் பசங்களுக்கு இதைச் சொன்னா ஒரு நிமிஷத்துல புரியும். லைவ் ஜீரோவுக்கு நாடின்னு வைங்க. ஆளு தூங்கினாலும் நாடி அடிக்கும், அந்த 4 நாடி. 0 ஆனா நாடி நின்னு போச்சு.

முத்தியால்பேட்டை:
நாடிச்சுழி! நான் குழையை விட்டுட்டேன்.

லாஸ்பேட்டை:
நாடி அருமை, சுழியைச் சேக்காதீங்க. சுழின்னா தலைச்சுழி, நீர்ச்சுழி, தலைவிதின்னு ஏகப்பட்ட பொருள் கூட வந்து நிக்கும். நாடியளவுன்னு போடுங்க, புணர்ச்சியும் உறுத்தாது.

நெய்வேலி:
அடி அளவு 4, உச்சம் 20ன்னு எழுதினா சொல்லே தேவையில்லையே? ஆனா எல்லாரும் நாடின்னா நான் தடுக்கல. லூப்பை மாத்தறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.

கடலூர் ஆசிரியை:
ராத்திரி பதினொண்ணு ஆயிடுச்சு, தாளை மூடறேன். மின்னோட்டக் கண்ணி, நாடியளவு. கண்ணிக்கு விளக்கமா வலைக்கண்ணியையே எழுதிட்டேன். நெய்வேலி அண்ணன் சொன்ன 0–10, 0–20 கணக்கு மூணாம் பக்கத்துல அப்படியே இருக்கு. நாளைக்கு கிளாஸ்ல அந்தப் பையன்கிட்டதான் மொதல்ல மீட்டரைக் குடுக்கப் போறேன்.

நெய்வேலி:
அடைப்புக்குறிக்குள்ள லூப்புன்னு ஒரு வாட்டியாவது போடுங்க டீச்சர். பையன் வேலைக்கு வர்ற எடம் எங்க ஷாப்பு.