நடுக்காதுக் கட்டி: ஒரே நோய்க்கு இரண்டு பெயர்களா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். என் அம்மாவுக்கு வயது 52. இடக்காது அடைத்தாற்போல் இருக்கிறது என்று ஓராண்டாகக் கைப்பேசியை வலக்காதிலேயே வைத்துப் பேசிவந்தார். சீழோ வலியோ இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிவதாகச் சொன்ன மருத்துவர், சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு அறுவை செய்து கட்டியை எடுத்தார். பயாப்சி அறிக்கையில் 'நடுக்காது அடினோமா' என்றிருந்தது. ஸ்லைடுகளைப் புதுச்சேரியில் காட்டியபோது 'நியூரோஎண்டோகிரைன் கட்டி' என்று எழுதிக்கொடுத்தார்கள். அங்கிருந்த ஒருவர் 'கார்சினாய்டு' என்றும் சொன்னார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. முதல் அறிக்கை தவறா, அல்லது நோய் முற்றிவிட்டதா?

பதில் 1 (நோயியல் துறையில் பணிபுரிகிறேன்):
சகோதரி, இரண்டும் தவறல்ல, பெயர்தான் மாறியிருக்கிறது. 1976-இல் இதைத் தனி நோயாக விவரித்தவர்கள் சுரப்பி போன்ற அமைப்பைப் பார்த்து அடினோமா என்றார்கள். 1980-இல் வேறு சிலர், நரம்பின் தன்மையும் கொண்ட நாளமில்லாச் சுரப்பு உயிரணுக்களின் (இவற்றையே நியூரோஎண்டோகிரைன் என்கிறோம்) இயல்பைக் கண்டு கார்சினாய்டு என்றார்கள். குறிப்பிட்ட புரதங்களை மட்டும் காட்டும் இம்யூனோ சாயங்கள் வந்தபின், மேற்படலத் திசுவைக் காட்டும் சைட்டோகெராட்டின், நியூரோஎண்டோகிரைன் உயிரணுக்களைக் காட்டும் சினாப்டோஃபைசின் இரண்டும் ஒரே கட்டியில் பிடிப்பது தெரிந்ததால், இரண்டும் ஒன்றே என்ற கருத்து வலுப்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இதை நடுக்காது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்கிறது. இது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது. ஆனாலும் பல ஆண்டுகள் கழித்துத் திரும்ப வரக்கூடும் என்பதால், தொடர் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கட்டித் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டைகளையும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

பதில் 2 (வில்லியனூர்):
என் கணவருக்கும் இதே கட்டிதான். கேட்கும் திறன் குறையக் கூடாதென்று செவிச்சிற்றெலும்புகளை விட்டுவைத்தார்கள்; ஆறாம் ஆண்டில் அவற்றைச் சுற்றியே மீண்டும் வளர்ந்தது. இரண்டாம் முறை சுத்தி எலும்பையும் பட்டடை எலும்பையும் சேர்த்து எடுத்துவிட்டு, பிறகு செயற்கை எலும்பு பொருத்தினார்கள். கட்டி எலும்புகளைப் பற்றியிருந்தால் அவற்றையும் எடுப்பதே மறுவரவைக் குறைக்கும் என்று அப்போதுதான் விளக்கினார்கள். கதிரியக்கமோ கீமோவோ தேவைப்படவில்லை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்புகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 3 (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிவது, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைச்சலும் கேட்டால், குளோமஸ் எனப்படும் இரத்தக்குழாய் நிறைந்த கட்டியாக இருக்கலாம். அதில் ஊசியோ கத்தியோ பட்டால் இரத்தம் பெருகும். முன்கூட்டியே ஸ்கேன் எடுத்த உங்கள் மருத்துவர் சரியாகவே செய்திருக்கிறார்.

கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பட்டடை எலும்பை எடுத்ததாகச் சம்மரியில் இருக்கிறது. சுத்தி எலும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வியாழக்கிழமை மருத்துவரிடம் அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். பதில் 1-ஐ அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.