பள்ளத்தில் கடகடப்பு: பழுது சஸ்பென்ஷனிலா, பிரேக்கிலா?

மேடு பள்ளமான தெருவில் மெதுவாகச் செல்லும்போது மட்டும், தகர டப்பாவுக்குள் நட்டு உருளுவதைப் போன்ற ஒரு கடகடப்பு எங்கள் காரின் முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கேட்டுவந்தது. முதலில் காட்டிய பணிமனையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஷாக் அப்சார்பரும் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சஸ்பென்ஷனில் குலுக்கலை அடக்கும் பாகமான ஷாக் அப்சார்பர் தளர்ந்திருந்தால், முன்பக்கத்தை அழுத்திவிட்டதும் வண்டி பலமுறை ஆடி அடங்கும், அல்லது எண்ணெய்க் கசிவாவது பெரும்பாலும் தெரியும். இங்கே இரண்டும் இல்லை.

பிறகு தாம்பரம் பக்கம் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் முதலில் ஜாக்கியைத் தொடவே இல்லை. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, மோசமான தெரு ஒன்றில் ஓட்டச் சொல்லி, சத்தம் எழுந்ததும், "பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே போங்க சார்" என்றார். பெடலில் கால் பட்டவுடன் கடகடப்பு நின்றது. காலை எடுத்ததும் திரும்ப வந்தது. பிரேக்கின் உராய்வுக் கட்டைகளான பேட்கள், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டால் அவை ஆடுவதற்கு இடமிருக்காது என்பதால், இப்படி அடங்கும் ஒலியை முதலில் பிரேக்கில்தான் தேட வேண்டும் என்று விளக்கினார். சக்கரத்தைக் கழற்றியபோது, பேட்களை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கைடு பின்னில் இருந்த கிரீஸ் காய்ந்து பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. பேடை அதன் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய எஃகுக் கிளிப்புகளில் ஒன்றைக் காணவே இல்லை. முன்பு பேட் மாற்றியவர்கள் அதை மாட்டாமலே விட்டிருக்க வேண்டும். புதிய கிளிப்புகளும் பிரேக்குக்கு உரிய கிரீஸும் போட்டதோடு வேலை முடிந்தது. ஷாக் அப்சார்பருக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

கீச்சொலியின் கதை வேறு. பல கார்களில் பேடோடு ஒரு சிறிய எஃகு நாக்கு இருக்கும். பேட் தேய்ந்து ஏறத்தாழ 2 அல்லது 3 மி.மீ. தடிமனே மிஞ்சியதும் அது டிஸ்க்கை உரசிக் கீச்சிடத் தொடங்கும். மழை பெய்த மறுநாள் காலை முதல் சில மிதிகளில் மட்டும் கேட்கும் உரசல், டிஸ்க்கில் படிந்த துருவால் வருவது; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரும்பு அரைபடும் கரகரப்பு கேட்டால், பேடின் பின்தகடே டிஸ்க்கைத் தொட்டுவிட்டதாகக் கொண்டு வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

மறுமொழி

என் வண்டியில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு முனகல் எழும். மழை நாளில் மட்டும் எழாது. அதை வைத்தே, காய்ந்த ரப்பர் புஷ்ஷாக (கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) இருக்கலாம் என்று ஊகித்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் புஷ்களில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். சிறிது நேரத்துக்கு ஒலி அடங்கியது. அந்த இடத்தில் என்ஜின் ஆயிலை மட்டும் தடவிவிடாதீர்கள், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

முனகலுக்குப் பதிலாக 'டக் டக்' என்று கேட்டால், வேகத்தடையை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சாய்வாகவும் கடந்து பாருங்கள். இரு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுகுவதில்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் அது முறுகி, தன்னைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடை இழுக்கிறது. ஆகவே சாய்வாகக் கடக்கும்போது மட்டும் தட்டினால், முதலில் லிங்க் ராடைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைப் பின்னால் வண்டி வராத தெருவில் செய்வது நல்லது.