சைகோன் சந்துக்குள் ஒரு சின்ன பிஸ்ட்ரோ: நாலு பேருக்கு என்ன சொல்லலாம்?

தறிநாடா

அடுத்த மாதம் சைகோனில் ஒரு ராத்திரி நாலு பேர் சாப்பிடப் போகிறோம். முன்பு மூன்றாம் மாவட்டமாக இருந்த பகுதியில் சந்துக்குள் ஒன்பதே மேசை போட்ட வியட்நாம்-பிரெஞ்சு பிஸ்ட்ரோ. மெனுவின் படம் கிடைத்தது. அதில் இருப்பவை: ஆஸ்பாரகஸ் போட்ட நண்டு சூப், பா தே சோ, போ கோ, போ சோத் வாங், ஆரஞ்சு வாத்து, கா ரோ தி, ஃபுவா கிரா (கொழுக்கவைத்த வாத்தின் ஈரல்) வைத்த ஸ்பிரிங் ரோல், ட்ரஃபிள் (மணம் மிக்க காளான்) எண்ணெய் விட்ட ஃபோ (அரிசி நூடுல்ஸ் சூப்), கடைசியில் பான் ஃபிளான், காபி.

நாலு பேரில் ஒருவர் மாட்டிறைச்சி தொட மாட்டார். ஒருவர் சைவம், முட்டையும் பாலும் பரவாயில்லை. எதை வாங்கினால் காசுக்கு உண்டான சாப்பாடாக இருக்கும்? தட்டு வந்ததும் நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? ஒயின் பாட்டில் ஒன்று வாங்குவதில் அர்த்தம் உண்டா?

அன்னாசிப்பூ

அந்த மெனுவில் இரண்டு சாதி இருக்கிறது. பழைய கலப்பு ஒன்று, புது ஒட்டு ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்ததிலிருந்து 1954-இல் ஆட்சி முடியும் வரை அவர்கள் சமையல் அங்கே வீட்டு அடுப்புகளுக்குள் நுழைந்தது. ஆனால் அந்த வீடுகளில் மூன்று பொருள் கிடையாது: ஓவன், பசும்பால், ஒயின். ஓவனுக்குப் பதில் சட்டி வந்தது, பாலுக்குப் பதில் டின் பால், ஒயினுக்கும் ஸ்டாக் எனும் எலும்புச் சாற்றுக்கும் பதில் இளநீர். இப்படி இல்லாததை ஈடுகட்டப் பிறந்த பதார்த்தங்கள்தான் வாங்கத் தகுந்தவை.

கா ரோ தியைப் பாருங்கள். 'ரோ தி' என்பது பிரெஞ்சு 'ரோத்தி', அதாவது ரோஸ்ட். ஆனால் ஓவனே கிடையாது. கோழித் தொடையைப் பூண்டு, சோயா, கொஞ்சம் சர்க்கரை, ஐந்து மசாலாத் தூளில் ஊறவைத்து, சட்டியில் தோல் சிவக்கும் வரை வறுத்து, இளநீர் விட்டுச் சுண்டவிடுவார்கள். இளநீரின் சர்க்கரை கடைசியில் தோல்மேல் பாகாகப் பிடிக்கும். தட்டில் குழம்பு ஓடினால் அவசரத்தில் இறக்கியிருக்கிறார்கள். தொட்டால் விரலில் ஒட்ட வேண்டும். மாட்டிறைச்சி வேண்டாதவருக்கு இதுவே போதும். ஆரஞ்சு வாத்தும் நல்லதுதான், ஆனால் ஒரு தட்டு இரண்டு பேருக்கு வரும்.

போ கோ, போ சோத் வாங் இரண்டையும் சேர்த்து வாங்காதீர்கள். இரண்டும் மாட்டிறைச்சிக் குழம்பு, இரண்டிலும் அன்னாசிப்பூவும் பட்டையும் உண்டு. சோத் வாங் ஹனோய்ப் பக்கத்துச் சரக்கு: சிவப்பு ஒயின், தக்காளி, குழம்பு சற்றே கெட்டி. 'வாங்' என்றால் ஒயின்தான். கோ தெற்கத்தியது: எலுமிச்சைப் புல், இளநீர், அன்னாட்டோ விதையில் இறக்கிய சிவப்பு எண்ணெய், ஒயின் கிடையாது. சைகோனில் உட்கார்ந்துகொண்டு கோ-வை விட்டுவிட்டு சோத் வாங் கேட்பதில் நியாயம் இல்லை.

போ கோ வந்ததும் மேலே பாருங்கள். ஓரத்தில் செம்மஞ்சள் எண்ணெய் வளையம் தெளிவாக நிற்க வேண்டும். பழுப்பாக, லேசாகக் கசந்தால் அன்னாட்டோவைத் தீய்த்துவிட்டார்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெயில் 1 கரண்டி விதையைச் சிறுதீயில் போட்டால் ஓரிரு நிமிடத்தில் நிறம் இறங்கிவிடும், உடனே வடிகட்ட வேண்டும். குழம்பு தண்ணியாக இருப்பது குறை அல்ல. அது ரொட்டி தோய்ப்பதற்கு. கொழகொழவென்று பளபளத்தால் சோளமாவு. அன்னாசிப்பூ லேகியம் மாதிரி மூக்கில் ஏறினால் அளவு தப்பிவிட்டது. ஒரு கிலோ கறிக்கு 2, 3 பூ, ஒரு விரல் நீளப் பட்டை, 3 தண்டு எலுமிச்சைப் புல், சுமார் ஒரு லிட்டர் இளநீர். அதற்கு மேல் மசாலா தேவையில்லை. கறி கால்பகுதித் தசையாக, நடுவே ஜவ்வு ஓடியதாக இருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேகவிட்டால் நார் சுருங்கி வறண்டுவிடும். இரண்டு, இரண்டரை மணி நேரம் அடுப்பில் மெல்ல முணுமுணுக்கவிட்டால் ஜவ்வு கரைந்து, சாப்பிட்டபின் உதடு லேசாக ஒட்டும். கேரட் கடைசி அரை மணிக்குத்தான். முதலிலேயே போட்டிருந்தால் கரைந்து கூழாகியிருக்கும்.

இனி புது ஒட்டு. ஃபுவா கிரா பெரும்பாலும் கொழுப்பு. 160, 170 டிகிரி எண்ணெயில் ரோல் பொன்னிறமாவதற்குள் அது உருகி வெளியே ஓடிவிடும். உங்களுக்குக் கிடைப்பது வாசனை, விலை முழுசு. ட்ரஃபிள் எண்ணெய் ஃபோவின் மேல் விழுந்தால் இரண்டு சொட்டிலேயே பட்டையும் துளசியும் காணாமல் போகும். இரண்டையும் தாண்டிப் போங்கள்.

கரண்டிப்பிடி

அன்னாசிப்பூ சொன்னதோட ரெண்டு விஷயம் சேர்த்துக்கங்க.

நண்டு சூப்பில் வர்ற ஆஸ்பாரகஸுக்கு அங்கே 'மாங் தாய்'னு பேர். மேற்கத்திய மூங்கில் குருத்துன்னு அர்த்தம். ஒரு காலத்துல டின்னில் கப்பலேறி வந்த வெள்ளை ஆஸ்பாரகஸ்தான் போடுவாங்க. முட்டை வெள்ளைக்கரு நூல் நூலா மிதக்கணும், மாவு கட்டியிருக்கிறதே தெரியக்கூடாது. மத்தியானம் செஞ்சு ராத்திரி திரும்பச் சூடாக்கினா கட்டு விட்டு நீர்த்துப்போகும். கரண்டியில் எடுத்து ஊத்தினா தண்ணி தனியா, நண்டு தனியா விழும். அப்படி வந்தா திருப்பிக் கொடுக்கலாம், தப்பில்லை.

பா தே சோன்னா சூடான பாதே (அரைச்ச இறைச்சி). நம்ம ஊர் பஃப்ஸுக்குத் தாயாதி, உள்ளே பன்றிக்கறி. சுடச்சுட வரணும். கடிச்சு முழுங்கின பிறகு மேலண்ணத்துல மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் நின்னா வெண்ணெய் இல்லை, மார்ஜரின். வெண்ணெய் வாய்ச் சூட்டுலேயே கரைஞ்சிடும், பேஸ்ட்ரிக்குன்னு வர்ற மார்ஜரின் கரையாது. சின்ன விஷயம்தான், ஆனா அந்தச் சமையலறை எங்கே காசு மிச்சம் பிடிக்குதுன்னு முதல் தட்டுலேயே தெரிஞ்சுடும்.

வார்த்தையில ஒரு வம்பு. அங்கே 'போ' மாதிரிக் காதில் விழுற ஒரு சொல்லுக்கு வெண்ணெய்ன்னும் அர்த்தம், அவகாடோன்னும் அர்த்தம். பிரெஞ்சு 'பேர்'ல இருந்து வந்தது. மாட்டிறைச்சியும் 'போ' மாதிரிதான் கேட்கும், உயிரொலியும் சுரமும் வேற. அதனால வாயால சொல்லி ஆர்டர் பண்ணாதீங்க. மெனுவில் விரல் வைச்சுக் காட்டுங்க.

மணல்மேட்டார்

ஃபோவே பிரெஞ்சு போத்தோஃபோவிலிருந்து (மாட்டிறைச்சியும் காய்கறியும் மெல்ல வேகவைத்த சாறு) வந்ததுதானே? அதையும் பழைய கலப்பில் சேர்க்க வேண்டாமா?

அன்னாசிப்பூ

பெயர் ஒற்றுமையை வைத்துச் சொல்வார்கள். இஞ்சி வெங்காயத்தைச் சுட்டுப் போடும் முறை பிரெஞ்சுச் சமையலில் வெங்காயத்தைக் கருக்கிப் போடுவதைப் போல இருப்பதும் உண்மை. ஆனால் அரிசி நூடுல்ஸும் பெயரும் சீனத் தெருக்கடைகளிலிருந்து வந்தவை என்போரும் அதே அளவு இருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை. எப்படியானாலும் ஃபோவைக் காலையில் தெருவோரக் கடையில் சாப்பிடுங்கள். பிஸ்ட்ரோவில் ஒரு மேசைக்காகத் தனியாக எலும்பு கொதிக்காது.

பச்சைமண்பானை

சைவம் சாப்பிடுபவரைப் பற்றி யாரும் பேசவில்லையே. அங்கேதான் சிக்கல்.

அங்கே சைவத்துக்குச் சொல் 'சாய்'. டீ வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், டீக்கு வேறு சொல். ஆனால் சுரம் மாறினால் 'ஓடு' என்றோ 'தீய்ந்தது' என்றோ ஆகிவிடும். எனவே வியட்நாமிய எழுத்தில் கைபேசியில் தட்டிக் காட்டுவதே பத்திரம். 'சாய்' என்று மட்டும் காட்டாமல் மூன்றைத் தனியாகச் சொல்லுங்கள்: மீன் சாறான நுவோக் மாம் வேண்டாம், 'ஹாத் நேம்' வேண்டாம், எலும்பு ஸ்டாக் வேண்டாம். ஹாத் நேம் என்பது மசாலாக் குருணை. பல வீடுகளிலும் கடைகளிலும் உப்புக்குப் பதில் இதுதான் விழும், பெரும்பாலும் பன்றி எலும்பு அல்லது கோழிச் சத்தில் செய்தது. காளான் குருணையும் உண்டு, இருக்கிறதா என்று கேளுங்கள். பிரெஞ்சுப் பக்கத்தில் ஆபத்து வேறு: கிரீம் சாஸுக்கு அடியில் கன்றுக்குட்டி எலும்பு ஸ்டாக், கிராத்தானுக்குள் (மேல்பகுதி சிவக்க ஓவனில் வேகவைக்கும் பதார்த்தம்) பன்றிக்கொழுப்புத் துண்டு.

இதைப் போய் உட்கார்ந்த பிறகு சொன்னால் கீரை வதக்கலும் சாதமும்தான் வரும். ஒன்பது மேசைக் கடையில் அடுப்படியில் இரண்டு, மூன்று பேர்தான் இருப்பார்கள். ஒரு நாள் முன்னாலேயே எழுதிச் சொல்லுங்கள். தேதி உங்கள் கையில் என்றால் சந்திர மாதத்தின் 1 அல்லது 15-ஆம் நாளைப் பாருங்கள். நம் கணக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாள்களில் பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவதால் டோஃபு, காளான், சைவ மீன் சாறு எல்லாம் கடையில் தயாராக இருக்க வாய்ப்பு அதிகம். பூண்டு, வெங்காயம் இல்லாமல் வரலாம், அது அவர்கள் விரத முறை.

மெனுவில் 'கா ரி' என்று ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். நம் 'கறி'தான் அது. தேங்காய்ப்பால், எலுமிச்சைப் புல், சர்க்கரைவள்ளி போட்டு, சோற்றோடு இல்லாமல் பான் மீ ரொட்டியோடு வைப்பார்கள். கோழியை எடுத்துவிட்டு டோஃபு போட்டால் சைவக்காரருக்கு வயிறு நிறையும். புதுச்சேரியில் சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்கள் உண்டு, அவர்கள் வீட்டுச் சமையலில் இந்தப் போக்குவரத்தின் மறுபாதியைப் பார்க்கலாம்.

தறிநாடா

ரொம்ப உபயோகம். முன்னாலேயே எழுதிவிடுகிறேன். ஒயின், பில் பற்றி யாராவது? ரொட்டி தனியாகச் சொல்ல வேண்டுமா?

கப்பல்சரக்கு

ரொட்டி தனிக் கணக்கு, உருப்படிக்கு இவ்வளவு என்று வரும். போ கோ வரும் வரை தொடாதீர்கள். பான் மீயில் அரிசி மாவு கலப்பதாகப் பல இடத்தில் எழுதுகிறார்கள். பெரும்பாலான பேக்கரியில் கோதுமை மாவுதான். உள்ளே பஞ்சாக இருக்கக் காரணம் தாராளமான ஈஸ்ட், பிரெட் இம்ப்ரூவர், ஓவனில் நீராவி. மேல்தோல் மெல்லியது என்பதால் சைகோன் ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே நமுத்துவிடும். அமுக்கினால் நொறுங்கும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் சூடாக்கித் தரச் சொல்லுங்கள், 180 டிகிரியில் நாலைந்து நிமிட வேலை.

ஒயின்: மேசையில் நுவோக் சாம் கிண்ணம் இருக்கும். மீன் சாறு, சர்க்கரை, எலுமிச்சை தலா ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு, பூண்டு, மிளகாய். உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒன்றாக. இதோடு துவர்ப்பு கூடிய போர்தோ சிவப்பைக் குடித்தால் வாயில் இரும்பைச் சப்பிய ருசி நிற்கும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் அல்லது வூவ்ரே வெள்ளை ஒயின் எடுங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால் போஜொலே, 14 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து. வரிகளால் அங்கே பாட்டில் விலை அதிகம். நாமே கொண்டுபோனால் திறக்க எவ்வளவு என்று முன்னமே கேளுங்கள். இல்லையென்றால் பீரோடு முடித்துக்கொள்ளலாம், குறை ஒன்றும் வராது.

பில்: 250k என்றால் 2,50,000 டோங். விலைக்குப் பக்கத்தில் ++ போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) என்பதும் தனி. 5 சதவீதச் சேவை, அதன்மேல் 10 சதவீத வாட் என்றால் 10 லட்சம் டோங் 11,55,000 ஆகும். வாட்டை 8 ஆகக் குறைத்திருக்கும் காலத்தில் 11,34,000. பல இடங்களில் பிளாஸ்டிக் உறையில் வைக்கும் ஈரத்துண்டைக் கிழித்தாலும் காசு. வேண்டாமென்றால் தொடாமல் விடுங்கள்.

இன்னொன்று. தட்டுகள் பிரெஞ்சு முறையில் ஒன்றன்பின் ஒன்றாக வருமா, வியட்நாம் முறையில் எல்லாம் நடுவில் வருமா என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் சூப்பும் வாத்தும் ஒரே நேரத்தில் வந்து ஒன்று ஆறிப்போகும். உங்கள் நாலு பேருக்கு சூப் 2, பா தே சோ 1, கா ரோ தி 1, போ கோ 1, சைவத் தட்டு 1, சாதம் 2, ரொட்டி 3. போதாவிட்டால் பிறகு கேட்கலாம். கடைசி ஆர்டர் 9, 9:30 மணிக்கு முடியும் இடங்கள் உண்டு, 6:30-க்கே போய்விடுங்கள்.

இட்லிப்பானை

ஃபிளானை விட்டுவிடாதீர்கள். மெனுவிலேயே உங்கள் சைவக்காரரும் சாப்பிடக்கூடிய பலகாரம் அதுதான். முட்டை, பால், டின் பால், அடியில் கேரமல். வெட்டிய பக்கத்தைப் பாருங்கள்: வழவழவென்று இருக்க வேண்டும். இட்லி மாதிரி துளைத்துளையாக இருந்தால் சூடு கூடிவிட்டது. மேலே குழி விழுந்திருந்தால் ஆவிப் பாத்திர மூடியிலிருந்து நீர் சொட்டியிருக்கிறது, மூடிக்குத் துணி கட்டாத குறை. கேரமல் அடர் தேன் நிறத்தில் லேசான கசப்போடு இருந்தால்தான் டின் பாலின் திகட்டல் அடங்கும். சைகோனில் நொறுக்கிய ஐஸும் கட்டங்காபியும் மேலே ஊற்றித் தருவார்கள், அப்படியே கேளுங்கள்.

காபிக்கு ஃபின் வடிகட்டியைக் கண்ணாடி டம்ளர் மேலேயே வைத்துக் கொண்டுவருவார்கள். சுமார் 20 கிராம் ரொபஸ்டா தூள், அடியில் இரண்டு கரண்டி டின் பால். சொட்டுச் சொட்டாக நாலைந்து நிமிடத்தில் இறங்க வேண்டும். ஒரு நிமிடத்தில் கொட்டிவிட்டால் தண்ணிக் காபி. பத்து நிமிடமாகியும் நின்றுபோனால் தூள் அடைத்துக்கொண்டது. மேல் தட்டை அமுக்காதீர்கள், இன்னும் அடைக்கும். மூடியை எடுத்து, தட்டைச் சற்றே தூக்கி விட்டால் போதும். ஃபின் வாங்கிவந்து ஊரில் போடுவதாக இருந்தால் நம் ஃபில்டர் தூள் ஒத்துவராது. அரைப்பு நைசு, சிக்கரி வேறு, ஊறியதும் களியாகப் பிடித்துக்கொள்ளும். கடையில் ரவை பதத்துக்கு அரைக்கச் சொல்லி, சிக்கரி இல்லாமல் வாங்குங்கள்.