புதுப்பிப்பு: பயிற்சி நேரம் விடுபட்ட பதிவுகளிலிருந்து காய விகிதம்

வீரர்களின் பயிற்சி நேரப் பதிவில் பல வாரங்கள் வெற்றாக இருக்கும்போது, 1000 மணி நேரத்திற்கான காய விகிதத்தை எப்படி மதிப்பிடுவது என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

வெற்று வாரங்களை நீக்கிவிடும் யோசனை பயன்படவில்லை. காயம் நேர்ந்த வாரங்களில்தான் நேரம் அதிகம் விடுபட்டிருந்ததால், விகிதம் உண்மையைவிடக் குறைவாக வந்தது. பலன் தந்தது பன்முறை இட்டுநிரப்பல்தான். விடுபட்ட நேரங்களை மற்ற தகவல்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஒவ்வொரு முறையும் சற்று வேறுபடும்படி நிரப்பிப் பல தரவுத் தொகுப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றிலும் நேரத்தின் மடக்கையை ஆஃப்செட்டாக (காய எண்ணிக்கையை நேரத்துக்கான விகிதமாக மாற்றும் உறுப்பாக) வைத்து, எண்ணிக்கைகளுக்கான பாய்சான் மாதிரியைப் பொருத்தி, முடிவுகளை ரூபின் விதிகளின்படி (மதிப்பீடுகளைச் சராசரியாக்கி, தொகுப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் பிழையில் சேர்க்கும் முறை) இணைத்தேன். நிரப்பும் மாதிரியில் காயத் தகவலையும் சேர்க்கச் சொன்ன நண்பரின் குறிப்பு மிக முக்கியமானது. அதை விட்டால் நேரத்துக்கும் காயத்துக்கும் உள்ள தொடர்பு மங்கிவிடும்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. கணுக்கால் சுளுக்கியவர் ஓய்வில் இருக்கும் வாரங்களும் பதிவில் வெற்றாகவே தெரிகின்றன. ஆனால் அவை விடுபட்டவை அல்ல, பூச்சியங்கள். அவற்றையும் நிரப்பினால் ஆடாத நேரமெல்லாம் விகிதத்தின் பகுதியில், அதாவது காயங்களை வகுக்கும் மொத்த நேரத்தில், சேர்ந்து விகிதத்தைத் தாழ்த்திவிடும். ஆகவே, காயத் தேதியையும் ஆட்டத்துக்குத் திரும்பிய தேதியையும் கொண்டு அந்த வாரங்களை முதலிலேயே பிரித்தெடுப்பது அவசியம்.

சிலர் திரும்பத் திரும்பக் காயமடைந்ததால் காய எண்ணிக்கையின் மாறுபாடு சராசரியை மிஞ்சியது; பாய்சான் மாதிரியோ இரண்டும் சமம் என்று கொள்கிறது. கூடுதல் மாறுபாட்டை அனுமதிக்கும் எதிர்மறை ஈருறுப்பு மாதிரிக்கு மாறியதும் விகிதம் பெரிதாக மாறவில்லை, நம்பிக்கை இடைவெளி மட்டும் விரிந்தது. நிரப்பிய நேரங்கள் உண்மையிலிருந்து விலகியிருந்தால் முடிவு எவ்வளவு மாறும் என்று காட்ட, அவற்றை 0.8, 1.2 ஆகியவற்றால் பெருக்கிக் கிடைத்த விகிதங்களையும் அறிக்கையில் சேர்த்துள்ளேன்.