சர்ஃபேஸ் நாய்ஸ்: கீறலொலியா, பரப்பிரைச்சலா?

வணக்கம்.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் சர்ஃபேஸ் நாய்சுக்கு (surface noise) தமிழில் 'கீறலொலி' என்ற சொல்லை நண்பர் முன்மொழிந்திருக்கிறார். சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. கீறல் விழுந்தால் சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று கேட்கும், இல்லையென்றால் முள் அதே வரியில் சிக்கிக்கொள்ளும். நாம் பெயர் தேடுவது அதற்கல்லவே. ஒரு கீறல்கூட இல்லாத புதுத் தட்டிலும் பாட்டுக்கு அடியில் 'உஸ்ஸ்' என்று விடாமல் ஓடுகிறதே, அதற்கு.

அந்தச் சத்தம் தட்டின் கலவையிலேயே இருக்கிறது. அரக்குத் தட்டு என்கிறோம். அரக்கு அதில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. மீதியெல்லாம் சுண்ணாம்புக்கல், ஸ்லேட் போன்றவற்றின் தூள், கொஞ்சம் பஞ்சிழை, கறுப்பு நிறத்துக்குக் கரித்தூள். கல்தூள் செலவைக் குறைக்க மட்டும் சேர்த்ததல்ல. எஃகு முள்ளின் நுனியை முதல் சில சுற்றுகளிலேயே தேய்த்து, வரிப்பள்ளத்தில் பொருந்த வைப்பதும் அதன் வேலை. ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்றச் சொன்னது இந்தத் தேய்மானத்தால்தான். தூள் நைசாக இருந்தால் இரைச்சல் குறையும், பருபருவென்று இருந்தால் கூடும்.

1920களில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் செய்த தட்டுகளைக் கேட்டால் வித்தியாசம் உடனே புரியும். நடுவில் மட்டமான கலவை, இரு முகங்களிலும் நயமான அரக்குக் கலவை ஏற்றிய தாள் என்று அடுக்கி அழுத்தினார்கள். எவ்வளவு அமைதியான தட்டுகள்! போர்க்காலத்துத் தட்டுகள் இதற்கு நேரெதிர். 1942இல் அமெரிக்க அரசு அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. இந்தியாவிலிருந்து வரும் அரக்கையே நம்பியிருந்த ஆலைகள் பழைய தட்டுகளை வாங்கி அரைத்துக் கலந்தன. அருமையான பாட்டுகூட அவற்றில் கடலை வறுக்கும் மணல் சத்தத்தோடுதான் வருகிறது.

அதனால் என் பரிந்துரை 'பரப்பிரைச்சல்'. நாய்சுக்கு 'இரைச்சல்' ஏற்கெனவே மின்னணுவியலில் புழங்குகிறது. தட்டுகளைப் பட்டியலிடுபவர் "கீறல் இல்லை, பரப்பிரைச்சல் அதிகம்" என்று எழுத முடிய வேண்டும்; கணினியில் இரண்டையும் நீக்கும் முறையும் வேறுவேறு. கொலம்பியா வகைக்கு 'அடுக்குத்தட்டு' போதும்.

அரக்கோடு சேர்க்கும் கல்தூள், பஞ்சிழை போன்ற ஃபில்லருக்குத்தான் (filler) இன்னும் சரியான சொல் அமையவில்லை. 'நிரப்புத்தூள்' என்றால் பஞ்சிழை விட்டுப்போகிறது. ரப்பர், பெயின்ட் தொழிலில் இருப்பவர்கள் பட்டறையில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்களேன்.