மூளை நீரை வடிக்கற டிரெயின் ஓப்பன்ல இருக்கும்போது வர்ற ஐசிபி (மண்டைக்குள்ள இருக்கற அழுத்தம்) நம்பரை சார்ட்ல எழுதலாமா?

இரவுப்பணி:
ஈவிடி (மூளை அறையில இருந்து நீரை வெளிய வடிக்கற குழாய்) போட்ட பேஷண்ட், டிரெயின் ஓப்பன்ல இருக்கு, மானிட்டர்ல ஐசிபி 8னு காட்டுது, அதையே மணிக்கு மணி சார்ட்ல எழுதிட்டுப் போறாங்க. இது தப்பு. ஓப்பன்ல சிஎஸ்எஃப் (மூளை நீர்) வெளிய ஓடிட்டே இருக்கும், அப்ப டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை அளக்கற கருவி) காட்டுறது பெரும்பாலும் நாம டிரிப் சேம்பரை (நீர் சொட்டி விழற குடுவை) எந்த உயரத்துல வச்சோம்ங்கறதைத்தான். ஸ்டாப்காக்கை (குழாயை மூடித் திறக்கற திருகு) டிரெயின் பக்கம் மூடி, மானிட்டர்ல அலை தெளிவா வந்து நம்பர் ஒரு இடத்துல நின்னப்புறம் எழுதணும்.

டிரெயின்கட்சி:
அதெல்லாம் சரிங்க, ஆனா சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு (மூளையைச் சுத்தி ரத்தம் கசியறது) பேஷண்டுக்கு மணிக்கொரு தடவை மூடித் திறக்கணும்னா, நடுவுல பக்கத்து பெட்ல அலாரம் அடிச்சு ஓடிட்டா யார் திறக்கறது? ரெண்டு மணி நேரம் மூடியே கெடந்தா என்ன ஆகும்? நம்பர் கொஞ்சம் தப்பா இருக்கறதைவிட அது பெரிய ஆபத்து. நான் டிரெண்ட் பாக்கறேன், பியூப்பில் (கண்மணி) பாக்கறேன், ஜிசிஎஸ் (நினைவு நிலைக்கான மதிப்பெண்) பாக்கறேன்.

இரவுப்பணி:
எந்த டிரெண்ட்? 1.36 செமீ தண்ணி உயரம் 1 மிமீ மெர்க்குரி, அப்ப சேம்பர் 10 செமீல ஓப்பன்ல இருந்தா நம்பர் 7, 8ஐ ஒட்டியே நிக்கும், உள்ள வீக்கம் ஏறினாலும் சீக்கிரம் தெரியாது. செடேஷன்ல (மயக்க மருந்துல) இருக்கறவருக்கு ஜிசிஎஸ் என்ன சொல்லிடும்? பியூப்பில் மாறும்போது நேரம் போயிருக்கும். மூடினா பெட்டை விட்டு நகரக்கூடாது, அவ்ளோதான் விதி.

மூத்தசிஸ்டர்:
ரெண்டு பேரும் லெவலை விட்டுட்டீங்களேம்மா. டிரான்ஸ்டியூசர் காதுக்கு முன்னாடி இருக்கற டிரேகஸ் நேர்ல இருக்கணும். 10 செமீ கீழ இருந்தா நிஜமான 18, 25ஆத் தெரியும், மேல இருந்தா 11ஆத் தெரியும். தலைப்பக்கம் ஏத்தினா, பிசியோ வந்து உக்கார வச்சா, ஒவ்வொரு தடவையும் லெவல் பாக்கணும். லெவல் பாக்காம ஓப்பன்ல விட்டா நம்பர் மட்டுமா தப்பும், சிஎஸ்எஃப்பும் தேவைக்கு மேல வடிஞ்சிரும். இன்னொன்னு, ஆர்ட்டீரியல் லைன் (தமனியில ரத்த அழுத்தம் அளக்கற குழாய்) இதய லெவல்ல, ஐசிபி காது லெவல்ல, தலை 30 டிகிரி உசத்தி இருக்கும். இதயத்துக்கும் காதுக்கும் 15 செமீ உயர வித்தியாசம் இருந்தா சிபிபி (சராசரி ரத்த அழுத்தத்துல ஐசிபியைக் கழிச்சா வர்ற, மூளைக்கு ரத்தம் போற அழுத்தம்) 11 கூடுதலாக் காட்டும், நீங்க 70னு நிம்மதியா இருப்பீங்க, மூளைக்குப் போறது 59. எந்த லெவல்ல அளந்தோம்னு சார்ட்ல எழுதுங்க.

டிரெயின்கட்சி:
லெவல் விஷயத்துல மறுபேச்சே இல்ல சிஸ்டர். ஆனா நம்பர்தான் எல்லாம்னு இருந்தா பொலிவியா, ஈக்வடார்ல நடந்து 2012ல வெளிவந்த பெஸ்ட் டிரிப் ஆய்வு என்ன சொல்லுச்சு? 324 பேர், தலைக்காயம், ஐசிபி மானிட்டர் வச்சவங்களுக்கும் ஸ்கேனும் பரிசோதனையும் வச்சுப் பாத்தவங்களுக்கும் முடிவுல பெரிய வித்தியாசமே இல்ல.

இரவுப்பணி:
அது ரெண்டு சிகிச்சை முறையை ஒப்பிட்ட ஆய்வு. தப்பா அளந்தா பரவாயில்லைன்னு அதுல எங்கயும் வரல. மானிட்டர் வச்சிட்டோம்னா டாக்டர் அந்த நம்பரைப் பாத்துதான் மேனிடால் (மூளை அழுத்தத்தைக் குறைக்கற மருந்து) போடறாரு. தலைக்காயத்துக்கு பிரெய்ன் ட்ராமா ஃபவுண்டேஷன் 2016ல 22க்கு மேல போனா வைத்தியம் பண்ணுனு சொல்லுது, 18க்கும் 25க்கும் நடுவுல அந்தக் கோடு இருக்கே!

டிரெயின்கட்சி:
சரி, ஓப்பன்ல எடுத்ததை இனிமே ஐசிபின்னு எழுதல, பக்கத்துல "ஓப்பன்"னு போடறேன். ஆனா எவ்ளோ நேரம் மூடணும், எந்த நம்பர் தாண்டினா உடனே திறக்கணும், ரெண்டும் டாக்டர் ஆர்டர்ல எழுத்துல வேணும். அது இல்லாம நான் ஸ்டாப்காக்கைத் தொடமாட்டேன்.

மூத்தசிஸ்டர்:
அதைக் கேட்டு வாங்கறது உன் உரிமைம்மா. மூடும்போதே அலையையும் பாரு, அலையோட ரெண்டாவது முகடு (பி2) முதல் முகட்டை (பி1) விட உசந்து நின்னா நம்பர் 16 இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடு.